நெட்டையார் மூச்சு விடும் இடம்

ஏரியில் ஒன்றும் இல்லை என்று இருபத்தாறு வருஷம் விடாமல் சொன்ன ஒரே ஆள் முக்குளிப்பான்தான். அது அவருடைய சொந்தப் பேர் இல்லை. குடிநீர் நிலையத்தில் வேலை. வாரம் ஒரு நாள் ஏரிக்குள் இறங்கி ஏற வேண்டும். தலையைத் தண்ணீருக்குள் விட்டு எங்கோ போய் எங்கோ எழுகிற அந்தக் குட்டிப் பறவையின் பேரை யாரோ அவர்மேல் எறிந்தார்கள், ஒட்டிக்கொண்டது. சம்பளச் சீட்டில் மட்டும்தான் பழைய பேர் மிச்சம்.

ஊரில் மற்ற எல்லோருக்கும் ஏரியில் ஒருவர் இருந்தார். ஒருவர் என்றால் மனிதர் இல்லை, மிருகம். கழுத்து மட்டும் மூன்று ஆள் நீளம். உடம்பு எவ்வளவு என்பது சொல்கிறவரின் அன்றைய உற்சாகத்தைப் பொறுத்தது. பயத்தோடு மரியாதையையும் சேர்த்து ‘நெட்டையார்’ என்று வைத்திருந்தார்கள். கண்ணெதிரே நிற்கிற மனுஷனை வாடா போடா என்று கூப்பிடுகிற ஊர், கண்ணில் படாத ஒன்றுக்கு இவ்வளவு மரியாதை வைத்திருந்தது. லாட்ஜ் பலகையில் நெட்டையார், பனியனில் நெட்டையார், சாவிக்கொத்தில் நெட்டையார். ஒரு கடையில் சிரிப்பார், பக்கத்துக் கடையில் பல்லைக் கடிப்பார். நேரில் பார்த்ததாகச் சொல்லிக்கொள்ள ஐம்பது பேராவது தேறுவார்கள். அந்த ஐம்பது பேரில் ஒருவன்கூட ஏரிக்குள் தலை நனைத்தவன் இல்லை என்பார் முக்குளிப்பான்.

“நான் ஒருத்தன்தான்யா உள்ளே போய் வர்றேன். இருந்தா பக்கத்து வீட்டுக்காரங்க மாதிரி ஒரு தடவையாவது பாத்துக்க மாட்டோமா?”

டீக்கடையில் இதைச் சொல்லி, சுற்றியிருப்பவர்களின் முகம் சுருங்குவதைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு குஷி. கல்யாணம் காட்சி இல்லாத தனிக்கட்டை. நிலையத்துக்குப் பின்னால் ஒற்றை அறை, ஒரு கட்டில், ஈரம் காயாத ரப்பர் உடை தொங்கும் ஒரு ஆணி. ஏரியின் அடியில் என்ன இருக்கிறது என்று சொல்ல ஊரிலேயே தகுதியுள்ள வாய் தன்னுடையதுதான் என்ற கர்வம் மட்டும் அவரிடம் தாராளமாக இருந்தது. அடியைப் பற்றி அவர் ஒரு பொய்யும் சொன்னதில்லை. அதை நாலு பேரிடம் சொல்லிக்காட்டவும் தவறியதில்லை.

வேலை இதுதான். நிலையத்தின் சுவர் ஏரியைத் தொடும் இடத்தில், இரண்டு ஆள் ஆழத்தில், ஒரு பெரிய குழாயின் வாய். ஊர் குடிக்கிற தண்ணீர் அதன் வழியாகத்தான் மோட்டாருக்குப் போகிறது. கட்டை, பாசி, செத்த நாய் எதுவும் உள்ளே போய்விடாதபடி வாய்க்கு முன்னால் இரும்புத் தடுப்பு. ஜன்னல் கம்பி மாதிரி செங்குத்தாக இருபத்து நான்கு கம்பிகள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு கை நுழைகிற இடம். வியாழக்கிழமைதோறும் மோட்டாரை நிறுத்துவார்கள். அவர் முதுகில் சிலிண்டரோடு இறங்கி, பாசியை வழித்துவிட்டு, கம்பிகளைச் சரிபார்த்து ஏறுவார். அவர் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையை மேலே கயிற்றுக்காரர் பிடித்திருப்பார். ஒரு இழுப்பு என்றால் சௌக்கியம், இரண்டு என்றால் தூக்கு.

இறங்கிவிட்டால் கண்ணுக்கு வேலையில்லை. அவ்வளவு கலங்கல். கையை மூக்குக்கு நேரே வைத்தாலும் கை தெரியாது. எல்லாம் தடவித்தான். உண்மையைச் சொன்னால் அவர் ஏரியின் அடியைப் பார்த்தவரே இல்லை, தடவியவர். இந்த வித்தியாசம் ஊருக்கும் உறைக்கவில்லை, அவருக்கும் உறைக்கவில்லை.

கம்பியைச் சரிபார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. ஒரு கம்பியை இரண்டு கையாலும் பிடித்து ஓர் ஆட்டு ஆட்ட வேண்டும். அசையவில்லையா, ஒன்று. அடுத்தது, இரண்டு. இப்படி இருபத்து நான்கு. மேலே வந்து சீட்டில் ‘24 கம்பி, உறுதி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பாசி வழிப்பதையும் சேர்த்தால் இருபது நிமிஷம் பிடிக்கும்.

நெட்டையார் புண்ணியத்தில் ஊருக்கு வருகிற கூட்டம் பெருகியது. லாட்ஜுகள் பெருகின, லாட்ஜுகளில் குளியலறைகள் பெருகின. நிலையத்தில் இரண்டாவது மோட்டார் வந்தது. வியாழக்கிழமை தண்ணீர் நின்றால், சோப்புப் போட்ட உடம்போடு வாடிக்கையாளர்கள் கத்துகிறார்கள் என்று லாட்ஜுக்காரர்கள் வந்து கத்தினார்கள். சூப்பர்வைசர் ஒரு நாள் முக்குளிப்பானைக் கூப்பிட்டு, தன் கைக்கடிகாரத்தை விரலால் தட்டிக் காட்டினார்.

“இனிமே பன்னிரண்டு நிமிஷம். அதுக்கு மேல ஒரு நிமிஷம்கூட மோட்டாரை நிறுத்தி வைக்க முடியாது.”

“இருபத்து நாலு கம்பிங்க.”

“அனுபவஸ்தர் நீங்க. ஏதாவது வழி பண்ணுவீங்க.”

வாயால் சொன்னதுதான். தாளில் ஒரு வரி இல்லை. அப்போது முக்குளிப்பானுக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. அனுபவஸ்தர் என்ற வார்த்தை அவருக்கு இனித்தது. அந்த இனிப்பிலேயே ஒரு வழியும் கண்டுபிடித்தார். இடது கையில் ஒரு கம்பி, வலது கையில் அடுத்த கம்பி, இரண்டையும் சேர்த்து ஒரே இழுப்பு. ஒன்று இரண்டு, மூன்று நான்கு என்று ஜோடி ஜோடியாக. பன்னிரண்டு ஜோடி, பன்னிரண்டு நிமிஷம், கச்சிதம். தன் சாமர்த்தியத்தைக் கயிற்றுக்காரரிடம் பீற்றிக்கொள்ளவும் செய்தார்.

அவருக்கு உறவென்று சொல்ல ஒரு தங்கச்சி. பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போனபின் அவளை வளர்த்து ஆளாக்கியதே அவர்தான். ஏரியில் படகு விடுகிற ஒருவனுக்குப் பார்த்துக் கட்டிக்கொடுத்ததும் அவர்தான். மாப்பிள்ளை தங்கமானவன். குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான், பெண்டாட்டி பேசினால் காது கொடுத்துக் கேட்பான். அவனிடம் ஒரே ஒரு கோளாறு. நெட்டையாரை நம்பினான். பிழைப்புக்காக நம்புகிறவர்களை முக்குளிப்பான் மன்னித்துவிடுவார். இவனோ சும்மாவே நம்பினான். மூன்று தடவை பார்த்திருக்கிறானாம். மூன்றாவது தடவை திரும்பிக்கூடப் பார்த்ததாம்.

காலை எட்டு மணிக்கும் சாயங்காலம் ஐந்து மணிக்கும் இரண்டாவது மோட்டார் ஓட ஆரம்பிக்கும். அப்போது குழாய் வாய்க்கு மேலே தண்ணீர் சுழித்து, நடுவில் ஒரு குழி விழும். ஊர் பாஷையில் அதுதான் நெட்டையார் மூச்சு விடும் இடம். படகுகள் நெருங்காமலிருக்க நிலையம் அங்கே சிவப்பு மிதவைகளை வளையமாகக் கட்டியிருந்தது. வளையத்துக்கு இந்தப் பக்கம் படகை நிறுத்தி, வந்தவர்களுக்கு அந்தக் குழியைக் காட்டுவான் மாப்பிள்ளை. காட்டும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வான். அது நடிப்பில்லை, அவனுக்கு உண்மையிலேயே அப்படித்தான் குரல் வரும்.

“மாப்ளே, அது மோட்டார் விடுற மூச்சு.”

“மோட்டார் வர்றதுக்கு முந்தியே எங்கப்பா பாத்திருக்காரு மச்சான்.”

“உங்கப்பா எதைத்தான் பாக்கலை!”

பதினான்கு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டின்போது நடக்கிற வழக்கு இது. தங்கச்சி வீட்டுச் சமையலறையை ஒட்டிய சின்ன மேஜையில் மூன்று தட்டுகள். சுவரோரம் இருப்பது அண்ணனுடையது. தட்டின் விளிம்பில் ஒரு நசுங்கல் இருக்கும். வேறு யாருக்கும் அவள் அதில் பரிமாற மாட்டாள். மச்சானும் மாப்பிள்ளையும் வாயைப் பிடுங்கிக்கொண்டிருப்பார்கள், அவள் நடுவில் உட்கார்ந்து இருவருக்கும் தூபம் போடுவாள். ஒரு வாரத்தில் முக்குளிப்பான் வயிறு நிறையச் சிரிக்கிற ஒரே வேளை அதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை தட்டைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தான்.

“மச்சான், ஒரு விஷயம். சிரிக்கக் கூடாது.”

“நீ சொல்லு. சிரிக்கிறதா வேணாமான்னு நான் பாத்துக்கறேன்.”

“மூச்சு விடுற இடம் மாறியிருக்கு.”

முக்குளிப்பான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுத் தங்கச்சியைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“நெஜமாத்தான். ஒரு மாசமா கவனிக்கிறேன். முந்தியெல்லாம் வளையத்துக்கு நட்ட நடுவுல விழும். இப்போ வலது பக்கம் தள்ளி விழுது. ஒண்ணு ரெண்டு முழம் இருக்கும். குழியும் முந்தியைவிட ஆழம். அங்கே ஏதோ மாறியிருக்கு மச்சான். கீழே போறப்போ கொஞ்சம் பாருங்களேன்.”

“ஏன், நெட்டையார் வீடு மாத்திட்டாரா? பழைய வீட்டுல வாடகை ஏத்திட்டாங்களோ?”

தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு கிடைத்ததும் முக்குளிப்பானுக்கு இன்னும் ஏறிவிட்டது.

“சாமான் ஏத்த உன் படகைக் கேக்கலையா? கட்டில் பீரோ எல்லாம் இருக்குமே அவருக்கு!”

மாப்பிள்ளையும் முதலில் கூடச் சேர்ந்து சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

“நீங்க நம்பணும்னா என்ன வேணும் மச்சான்?”

“அளந்து காட்டு. பாத்தேன் பாத்தேன்னு சொல்றீங்களே தவிர, உங்க ஆளுங்க எவனாவது எதையாவது அளந்திருக்கானா? ஒரு குச்சியை வெச்சு அளந்து காட்டு, நம்பறேன்.”

“சரி. அளந்தே காட்டறேன்.”

சாப்பாடு முடிந்தது, கையைக் கழுவினார்கள், முக்குளிப்பான் கட்டையைச் சாய்த்து ஒரு தூக்கம் போட்டுவிட்டுப் போனார். அந்தப் பேச்சை அவர் வாசல் தாண்டுவதற்குள் மறந்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, மாப்பிள்ளையின் படகு மிதவை வளையத்துக்குள் ஆளில்லாமல் சுற்றிக்கொண்டிருந்ததை நிலையத்துக் காவலாளி பார்த்தார். அரை மணிக்குள் கரையில் ஊர் கூடிவிட்டது. தங்கச்சி செருப்பில்லாமல் ஓடி வந்தாள். மோட்டார்களை நிறுத்தினார்கள். வியாழக்கிழமை அல்லாத ஒரு நாளில் முக்குளிப்பான் ரப்பர் உடையை மாட்டினார். வாரை மாட்டாமலே தண்ணீரை நோக்கி நடந்தார். கயிற்றுக்காரர்தான் மாட்டிவிட்டார்.

கீழே போனதும் பழக்கதோஷம், கை தானாக இடது ஓரத்திலிருந்து ஆரம்பித்தது. ஆனால் ஜோடி நினைவுக்கு வரவில்லை, ஒவ்வொன்றாகத்தான் பிடித்துக்கொண்டே நகர்ந்தார். பதினைந்து, பதினாறு. பதினேழைப் பிடித்தார், அது உள்பக்கமாகச் சாய்ந்துகொண்டு போனது. அடிப்பக்கம் துரு தின்று அறுந்து, மேல் ஆணியில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. மோட்டார் நின்றால் நேராகத் தொங்கும், ஓடினால் உள்ளே மடங்கும். பதினெட்டு பாறை மாதிரி நின்றது. ஜோடியாகப் பிடித்து இழுத்த வாரங்களிலெல்லாம் பதினெட்டின் உறுதிதான் இரண்டு கைக்கும் தெரிந்திருக்கிறது. மற்ற இடுக்குகளைப் பாசி அடைக்க அடைக்க, அடைபடாத இந்த ஒரு இடத்தில் தண்ணீர் முழு வேகத்தில் பாய்ந்திருக்கிறது. மேலே விழுகிற சுழியும் நடுவை விட்டு இதற்கு நேராக நகர்ந்திருக்கிறது. வலது பக்கம், ஒன்று ரெண்டு முழம்.

மாப்பிள்ளை அங்கேதான் இருந்தான். ஒரு கால் தொடை வரைக்கும் அந்த இடைவெளிக்குள் போயிருந்தது. பக்கத்திலேயே ஒரு நீளமான கழி, அதுவும் கம்பிகளுக்கு நடுவே சிக்கியிருந்தது. முக்குளிப்பான் அதையும் தடவிப் பார்த்தார். அரை முழத்துக்கு ஒன்றாகக் கத்தியால் வெட்டிய புது வெட்டுகள். மூன்றாவது வெட்டில் ஒரு துணியைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது. ஒன்றரை முழம். அளந்து முடித்து அடையாளமும் வைத்த பிறகுதான் சுழி கழியைப் பிடித்து இழுத்திருக்கிறது, அவன் கழியை விடவில்லை. விட்டிருந்தால் பிழைத்திருப்பான். மச்சானிடம் காட்ட வேண்டுமே என்று விடவில்லை.

முக்குளிப்பான் அங்கேயே அழுதார். மாஸ்க்குக்குள் கண்ணீர் தேங்கி மூக்கு எரிந்தது. மேலே கயிற்றுக்காரர் பதறிப்போய் ஒரு இழுப்பு இழுத்தார், சௌக்கியமா என்று. பதிலுக்கு இழுக்க அவருக்குக் கை வரவில்லை.

உடலை மேலே கொண்டுவந்தபோது தொடையைச் சுற்றிக் கம்பி அழுத்திய தடம் கன்றிப்போயிருந்தது. கூட்டத்தில் முதலில் பார்த்தவர் ஒரு லாட்ஜுக்காரர். “பல்லு பதிஞ்சிருக்கு பாருங்க” என்றார். அவ்வளவுதான், ஊருக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

சூப்பர்வைசர் தன் அறைக் கதவைச் சாத்திவிட்டு முழுவதையும் கேட்டார். கேட்டு முடித்ததும் அலமாரியைத் திறந்து போன வியாழக்கிழமைச் சீட்டை எடுத்து மேஜையில் வைத்தார். ‘24 கம்பி, உறுதி.’

“இது யார் கையெழுத்து?”

“நீங்கதானே பன்னிரண்டு நிமிஷம்னு...”

“நான் எங்கே எழுதினேன்?”

சூப்பர்வைசர் குரலை இறக்கி, சொந்தக்காரர் மாதிரி பேச ஆரம்பித்தார். அந்த மாதிரி ஆட்களுக்கு அது நன்றாக வரும்.

“போனவர் போயிட்டாரு. நீங்களும் ஜெயிலுக்குப் போயிட்டா உங்க தங்கச்சிக்கு யாரு இருக்கா? யோசிங்க. ஊரே ஒரு காரணம் சொல்லிக்கிட்டிருக்கு. நாம ஒண்ணும் சொல்ல வேண்டியதில்லை, சும்மா இருந்தாப் போதும்.”

அன்று பிற்பகலே புதுக் கம்பி வந்தது. அதை இறங்கி மாட்டியவரும் முக்குளிப்பான்தான். மேலும் கீழும் போல்ட்டை முறுக்கினார். அதற்கு மேல் முறுக்க முடியாது என்று ஆன பிறகும் முறுக்கிக்கொண்டே இருந்தார்.

விசாரணைக்கு வந்த அதிகாரி மரியாதையான மனிதர், களைத்துப்போயிருந்தார். அதே அறை, அதே மேஜை.

“எந்த இடத்துல கண்டெடுத்தீங்க?”

“தடுப்புக்கு வெளியே. பாசியில சிக்கியிருந்தாரு.”

“தடுப்பு எப்படி இருந்துச்சு?”

“இருபத்து நாலு கம்பி, உறுதி.”

“கால்ல காயம் இருக்கே?”

“தெரியலைங்க.”

அதிகாரி எழுதிக்கொண்டார். எழுதி முடித்துப் பேனாவை மூடும்போது, “ஊர்ல என்னமோ சொல்றாங்களே, நெட்டையாரோ யாரோ” என்று லேசாகச் சிரித்தார். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக முக்குளிப்பானுக்கு அந்தப் பேரைக் கேட்டுச் சிரிப்பு வரவில்லை. அதிகாரி அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஊர் ஆடிய ஆட்டம் இருக்கிறதே! லாட்ஜுகளில் இடம் இல்லை. மாப்பிள்ளையின் படகை ஒரு லாட்ஜுக்காரர் கொண்டுபோய் வாசலில் நிறுத்தி, சுற்றிலும் விளக்குப் போட்டார். பிழைப்புக்காக நம்பிக்கொண்டு, சும்மாவே நம்பிய அவனைக் கிறுக்கன் என்று சொன்னவர்கள், அவன் தங்களுக்கு எவ்வளவு நெருக்கம் என்று போட்டி போட்டுக்கொண்டு கதை சொன்னார்கள். டீக்கடையில் முக்குளிப்பான் நுழைந்தால் பேச்சு நிற்கும்.

“என்னய்யா, இப்போ சொல்லு. பக்கத்து வீட்டுக்காரரைப் பாத்தியா?”

அவர் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போவார். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. இல்லை என்றால் அடுத்த கேள்வி, பின்னே எது இழுத்தது என்பது. வாயை மூடிக்கொண்டது ஊருக்கு வசதியாகப் போயிற்று. இருபத்தாறு வருஷம் இல்லை இல்லை என்றவனே வாயடைத்துப் போய்விட்டான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள் என்று, வருகிறவர்களிடமெல்லாம் அவரைக் கைகாட்டினார்கள். நேரில் பார்த்த ஐம்பது பேரைவிட, பார்க்காத இந்த ஒருவர் பெரிய சாட்சியாகிவிட்டார். இந்த அவமானத்தை அவர் சம்பாதித்துத்தான் பெற்றார் என்பேன். யாரும் அவர் தலையில் கட்டவில்லை.

கழி மட்டும் அவரிடம் இருந்தது. மாப்பிள்ளையை விடுவித்தபோது அது தானாக மிதந்து மேலே வந்துவிட்டது. கயிற்றுக்காரர் அதை எடுத்து, யார் கண்ணிலும் படாமல் அவர் அறைக் கதவுக்குப் பின்னால் சாய்த்துவிட்டுப் போயிருந்தார். கதவைச் சாத்தும்போதெல்லாம் துணி முடிச்சு தெரியும். அதனால் உள்ளே இருக்கும்போதும் கதவைத் திறந்தே போட ஆரம்பித்தார்.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி ஆள் அனுப்பினாள், சாப்பிட வரச்சொல்லி. மேஜையில் இரண்டு தட்டுகள். சுவரோரம் நசுங்கல் தட்டு. அவள் இளைத்துப்போயிருந்தாள். பரிமாறிவிட்டு எதிரே உட்கார்ந்தாள், தன் தட்டைத் தொடவில்லை.

“அண்ணே, ஆளுக்கொண்ணு சொல்றாங்க. எனக்குத் தூக்கமே வரலை. அவர் கிறுக்குத்தனமா போய்ச் செத்தாரா? இல்லை, அங்கே நெஜமாவே ஏதாவது இருந்துச்சா? நீதான் எடுத்தே. நீ என்கிட்ட பொய் சொல்ல மாட்டே.”

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் அவர் வந்திருந்தார். வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே நடந்தார். பதினேழு என்று ஆரம்பித்தால் மற்றது தானாக வந்துவிடும் என்று நினைத்திருந்தார். பதினேழு தொண்டை வரை வந்தது. அப்போது நசுங்கல் தட்டைப் பார்த்தார். உலகத்தில் வேறு எந்த வீட்டிலும் அவருக்கென்று ஒரு தட்டு இல்லை. பயந்துவிட்டார். ஜெயிலுக்குப் பயந்ததைவிட அந்தத் தட்டுக்குப் பயந்தார்.

“இருந்துச்சு” என்றார்.

“பாத்தியா?”

“அந்தத் தண்ணியில எங்கே தெரியுது. ஆனா இருந்துச்சு.”

“அப்போ அவர் சொன்னது சரியா?”

“மாப்ள சொன்னது சரி. இடம் மாறித்தான் இருந்துச்சு. ஒன்றரை முழம்.”

அந்தப் பேச்சில் உண்மை என்று இருந்தது அது ஒன்றுதான். தங்கச்சி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஒன்றரை மாதமாக அடைத்துக்கொண்டிருந்தது திறந்துவிட்ட அழுகை. என் புருஷன் கிறுக்கன் இல்லை, கிறுக்கன் இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். முக்குளிப்பான் அவள் தலையில் கை வைத்தார். நல்ல காரியம் செய்துவிட்டோம் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தார்.

அழுகை அடங்கியது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவருடைய கையைத் தலையிலிருந்து எடுத்துவிட்டாள்.

“இருபத்தாறு வருஷமா நீ கீழே போய்ட்டு வர்றே.”

“அன்னிக்குத்தாம்மா எனக்கே...”

“ஒரு தடவை அண்ணே. ஒரே ஒரு தடவை, ‘இருந்தாலும் இருக்கும் மாப்ளே, பக்கத்துல போகாதே’ன்னு சொல்லியிருந்தா அவர் போயிருக்கவே மாட்டாரு. உன்கிட்ட காட்டணும்னுதானே போனாரு. அளந்து காட்டுன்னு நீதானே சொன்னே.”

சொல்வதற்கு முக்குளிப்பானிடம் உண்மை ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதைச் சொல்லும் நேரம் ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் போய்விட்டது.

“வீடு மாத்திட்டாரா, வாடகை ஏத்திட்டாங்களான்னு கேட்டே. நீ சிரிச்சதைப் பாத்து நானும் சிரிச்சேன். அவர் முகம் இன்னும் என் கண்ணுலயே நிக்குது. கீழே போறப்போ கொஞ்சம் பாருங்களேன்னுதானே கேட்டாரு? பாத்தியா நீ?”

“இல்லை.”

அவள் எழுந்து நசுங்கல் தட்டை எடுத்தாள். அவர் இன்னும் ஒரு வாய்கூடச் சாப்பிட்டிருக்கவில்லை. சமையலறைக்குள் தட்டைக் கவிழ்க்கிற சத்தமும், பிறகு குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தமும் கேட்டன.

“நீ கிளம்பு” என்றாள் உள்ளிருந்தே.

“அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து...”

“வேணாம்.”

அதற்குப் பிறகு அவள் கூப்பிடவில்லை. கரையில் எதிரே வந்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறாள். உண்மையைச் சொன்னால் தங்கச்சி போய்விடுவாள் என்று பயந்துதான் பொய் சொன்னார். தங்கச்சியும் போய்விட்டாள், அடியைப் பற்றி ஒரு பொய்யும் சொன்னதில்லை என்ற பேச்சும் போய்விட்டது. அளந்த கையோடு செத்த மனுஷனைப் பற்றிச் சரியாகச் சொல்ல ஊரில் ஒரு வாய் இருந்தது. அதுவும் நெட்டையார் கட்சியில் சேர்ந்துகொண்டது.

வியாழக்கிழமைகளில் இன்னும் இறங்குகிறார். இப்போது இருபது நிமிஷம் ஆகிறது, இருபத்தைந்தும் ஆகிறது. சூப்பர்வைசர் கடிகாரத்தைத் தட்டுவதில்லை. அவர் இறங்குவதைப் பார்க்கவென்றே வேலிக்கு வெளியே கூட்டம் நிற்கிறது. நெட்டையாரிடம் தங்கச்சி புருஷனைப் பறிகொடுத்தும் துணிந்து இறங்குகிறவர் என்று லாட்ஜுக்காரர்கள் சொல்லி அழைத்து வருகிறார்கள். தலை வெளியே தெரிந்ததும் கைதட்டுகிறார்கள். பார்த்தீர்களா, பார்த்தீர்களா என்று கேட்கிறார்கள். கயிற்றுக்காரர் மட்டும் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு கயிற்றைச் சுருட்டுகிறார்.

கீழே எப்போதும் போல ஒன்றும் தெரிவதில்லை. ஒரு கம்பிக்கு இரண்டு கை. ஆட்டிப் பார்த்துவிட்டு அடுத்தது. பதினாறு முடிந்ததும் கொஞ்சம் நின்றுவிடுகிறார். பிறகு பதினேழைப் பிடிக்கிறார். மேலே பிடித்து ஆட்டுகிறார், குனிந்து அடியில் பிடித்து ஆட்டுகிறார், காலைச் சுவரில் ஊன்றிக்கொண்டு உடம்பின் பலம் முழுவதையும் போட்டு இழுக்கிறார். உறுதியாகத்தான் இருக்கிறது.